தண்ணீர் ஒட்டாத சுவர்

அக்டோபர் 15, செவ்வாய்
வெப்பம்: 7 டிகிரி. தண்ணீர்: காலையிலிருந்து மழை. வாயு: ஃப்ரீட்கா இரண்டு முறை கதவை அறைந்து சாத்தினாள்.

சுரங்கத்தை மூடியபோது மற்றவர்கள் விளக்கு, தலைக்கவசம், தாமிரக் கம்பி என்று தூக்கிக்கொண்டு போனார்கள். நான் எழுதாத ஷிப்ட் நோட்டு பதினொன்றைக் கொண்டுவந்தேன். இருபத்திரண்டு வருடம் ஷிப்ட் முடிந்ததும் எழுதிப் பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் வெப்பம், தண்ணீர், வாயு என்று மூன்று கட்டம் அச்சடித்திருக்கும். வாயுக் கட்டத்தில் இப்போது என் மனைவியை எழுதுகிறேன். அவளுக்குத் தெரியாது.

மதியம் நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து எங்கள் கட்டடத்தின் வடக்குச் சுவரைப் பார்த்தார்கள். நான்கு வருடத்துக்கு முன் நான் செய்த வேலை. நூறு வருடச் செங்கல். இடுக்குகளில் பொடிந்து கிடந்த பழைய சுண்ணாம்பைச் சுரண்டி எறிந்து, சிமெண்டால் இறுக்கி அடைத்து, மேலே நீர்காப்புப் பூச்சு மூன்று கை போட்டேன். மழை அதில் பட்டு உருண்டு ஓடுகிறது. "ஒரு சொட்டு உள்ள போகலையேய்யா!" என்றார் ஒருவர். இன்னொருவர், "படிச்ச கொத்தனாருக்கு இந்த யோசனை வராது" என்றார். வராதுதான். தண்ணீரைக் கண்டால் அடை என்பது சுரங்கத்து வேதம். நான் அங்கே வளர்ந்தவன்.

வசந்தத்தில் எங்கள் சுரங்கத் தொழிலாளர் காலனியில் இன்னும் நான்கு கட்டடம் எனக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரவுச் சாப்பாட்டில் ஃப்ரீட்கா இரண்டாவது கட்லெட்டைக் கேட்காமலே வைத்தாள்.

அக்டோபர் 24, வியாழன்
6 டிகிரி. தூறல்.

வியாழக்கிழமை என்றால் தரைத்தளத்தில் தியோஃபில் மாமா வீட்டுச் சமையலறையில் ஸ்காட் சீட்டு. அதற்கு மூன்று பேர் வேண்டும்: மாமா, நான், ஃப்ரீட்கா. மாமா எனக்கு உறவில்லை. சுரங்கத்தில் பம்பு ஓட்டியவர், வயது எழுபத்தொன்று, காலனியே அவரை மாமா என்றுதான் கூப்பிடும். நாங்கள் எல்லாரும் வீட்டை விலைக்கு வாங்கிவிட்டோம். அவர் மட்டும் இன்னும் நகராட்சியின் வாடகைக்காரர்.

அவருடைய அலமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்திருக்கிறது. வடக்குச் சுவரின் உட்பக்கம். அறை முழுக்க உருளைக்கிழங்குக் குழி நாற்றம்.

"ஆயிரம் அடிக்குக் கீழ முப்பது வருஷம் தண்ணி எறச்சவன் நான்," என்று சிரித்தார் மாமா. "ரிட்டயர் ஆனதும் அது என்னைத் தேடி வீட்டுக்கே வந்திருச்சு. விசுவாசம்டா."

ஃப்ரீட்கா வழக்கம்போல் ஏமாற்றி ஜெயித்தாள்.

நவம்பர் 11, திங்கள்
மைனஸ் 4. முதல் உறைபனி.

காலை குப்பையைக் கொட்டப் போனபோது வடக்குச் சுவரின் அடியில் சிவப்பாகச் சில்லுகள் கிடந்தன. ஒன்று உள்ளங்கை அகலம். செங்கலின் முகம் அப்படியே கழன்று விழுந்திருக்கிறது. முன்பக்கம் என் பூச்சு மினுங்குகிறது. பின்பக்கம் ஈரம். நாள் முழுக்க மேலே பார்த்தேன். நாற்பது, ஐம்பது கல் முகம் இழந்திருக்கும்.

சில்லைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் போட்டேன்? மற்றதையும் பெருக்கி அள்ளிவிட்டேன், யாரும் பார்ப்பதற்குள். அது எனக்கே பிடிக்கவில்லை.

நவம்பர் 14, வியாழன்
மைனஸ் 1.

உளியால் ஒரு இடுக்கைக் குடைந்து பார்த்தேன். நான்கு விரல் ஆழத்தில் செங்கல் பிசைந்த மாவுபோல் இருக்கிறது. மழைநீர்க் குழாய் ஒழுகுகிறது, அடிமண்ணிலிருந்து ஓதம் ஏறுகிறது, சிமெண்டில் மயிரிழை விரிசல்களும் உண்டு. தண்ணீர் எப்படியும் உள்ளே போகிறது. வெளியே வரத்தான் வழியில்லை. வழியை நான் அடைத்துவிட்டேன். உள்ளே இருக்கும் தண்ணீர் உறைந்து வீங்கும்போது கல்லின் முகத்தைத் தள்ளிவிடுகிறது. ஐஸ் கட்டிய பாட்டில் உடைவதை எந்தக் குழந்தையும் சொல்லும். எனக்குத் தெரியவில்லை!

பக்கத்து ஊரில் சுண்ணாம்பு விற்கிறவரிடம் சில்லைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழைய கல்லு மூச்சு விடணும்ங்க. இதுக்கு எந்த முட்டாப்பய ரப்பர் கோட்டு மாட்டிவிட்டான்?"

"தெரியலைங்க. எவனோ," என்றேன்.

அவர் சொன்ன பரிகாரம்: சிமெண்டைக் கையால் பெயர்த்தெடு, பூச்சை உரி, காயவிடு, கெட்ட கல்லை மாற்று, சுண்ணாம்புச் சாந்தால் மறுபடி இடுக்கை நிரப்பு. ஆனால் குளிர்காலத்தில் தொடாதே, சாந்துக்கு ஏப்ரல் வரை பொறு. பச்சைச் சுண்ணாம்பை உறைபனி தின்றுவிடும்.

அப்படியானால் நாலைந்து மாதம் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. சொல்வதற்குத்தான் இருக்கிறது.

ஃப்ரீட்காவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. "நாலு கட்டட வேலை கையில இருக்கு. வசந்தத்துல நைசா இதையும் சரிபண்ணிடு. அதுவரைக்கும் வாயைத் தச்சுக்கோ." எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஆகவே அவள்மேல் பழி போட முடியாது.

நவம்பர் 26, செவ்வாய்
மைனஸ் 2. பனித்தூள்.

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும்.

குடியிருப்போர் கூட்டம், சங்கத் தலைவி க்ளோட்டில்டா அக்கா வீட்டில். கேக், காபி, அப்புறம் ஓதம். அவருடைய வீடு மாமாவுக்கு நேர் மேலே. அங்கேயும் சுவர்த்தாள் உரிகிறது. நகராட்சி இன்ஜினியர் வந்து அரை மணி நேரம் பார்த்து அறிக்கை எழுதியிருக்கிறார்: தரைத்தளத்தில் வசிப்பவர் அடைத்த அறையில் சமைக்கிறார், துணியைக் கொதிக்கவைக்கிறார், அங்கேயே உலர்த்துகிறார், ஜன்னல் திறப்பதில்லை. அந்த ஆவிதான் சுவரை நனைக்கிறது.

மாமா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஒத்த ஆளு. ஒரு குண்டான் சூப்பு. அதுக்கா இம்புட்டு?"

க்ளோட்டில்டா அக்கா என் பக்கம் திரும்பினார். "ருஃபின், நீங்கதான் சுவத்துக்கு வேலை பார்த்தவரு. நீங்களே சொல்லுங்க. மழை வெளியிலேர்ந்து உள்ள வருதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமாவும்தான் — இவன் நம்ம ஆள், சொல்லுவான் என்கிற முகம்.

"பூச்சு வழியா ஒரு சொட்டு வராதுங்க," என்றேன்.

பொய்யில்லை. ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. அந்த ஒரு வாக்கியத்தில் அவரை முடித்துவிட்டேன். மாமா மெதுவாகத் தலையாட்டினார். "ருஃபினே சொன்னா சரிதான்," என்றார்.

முடிவு: இனி ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், துணி காயப்போடக் கூடாது. ஜனவரியிலும் ஓதம் குறையவில்லை என்றால், அவரை ஊர் எல்லையில் இருக்கும் அடுக்குமாடியில் ஒரு அறைக்கு மாற்றும்படி நகராட்சிக்கு மனு. எட்டாவது மாடி. அவருக்கு முழங்கால் மடங்காது.

பாவம் ஓரிடம் பழி ஓரிடம்.

டிசம்பர் 4, புதன்
மைனஸ் 6.

சுரங்கத்துக்காரர்களைக் காக்கும் புனித பார்பராவின் நாள். விடிந்ததும் சுரங்க பேண்டு காலனியைச் சுற்றி ஊதிக்கொண்டு போனது. சுரங்கம் போய்விட்டது, பேண்டு இருக்கிறது. மாமா கறுப்புச் சீருடையும் இறகுத் தொப்பியுமாக வாசலில் நின்றார். மூக்கு நீலம் பாய்ந்திருந்தது. அவருக்குப் பின்னால் ஜன்னல் அகலத் திறந்திருந்தது.

"மாமா, கொஞ்ச நேரம் சாத்திவைங்க."

"வேணாம்டா. இப்ப வென்னிகூட ரூம்ல வைக்கிறதில்லை. கெட்டிலைச் சலவைக் கொட்டகைக்குக் கொண்டுபோயிடறேன். நான் நிறுத்தினா சுவர் காஞ்சுரும்ல?"

"காயும்," என்றேன்.

டிசம்பர் 5
ஸ்காட் இல்லை. மூன்று பேர் உட்கார்ந்தால் மூச்சு அதிகமாகுமாம். மாமா சொல்லியனுப்பினார்.

டிசம்பர் 15, ஞாயிறு
மைனஸ் 3.

காற்றை உலர்த்தும் மின்சாரப் பெட்டி ஒன்றை வாங்கி அவருக்குக் கொடுத்தேன். கண் கலங்கிவிட்டார். "சொந்தப் புள்ள செய்வானாடா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. நானாக உருவிக்கொண்டு வந்தேன்.

ஒருமுறை, எனக்கு முப்பத்தொரு வயதில், பாறை சரிந்து ஒன்பது மணி நேரம் அடைபட்டுக் கிடந்தேன். அப்போதுகூட இப்படி இருக்கவில்லை. அந்தப் பக்கம் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போது நான் அடைபட்டிருப்பதே யாருக்கும் தெரியாது. தினமும் நான்கு முறை அவர் கதவைத் தாண்டித்தான் என் படிக்கட்டு. வேறு வழி இந்தக் கட்டடத்தில் கட்டவில்லை. பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிறேன், சத்தம் கேட்டால் கூப்பிடுவாரே என்று. நாற்பத்தெட்டு வயது ஆம்பளை!

டிசம்பர் 24, செவ்வாய்
மைனஸ் 5.

கிறிஸ்துமஸ் விருந்துக்கு மாமாவைக் கூட்டிவந்தது ஃப்ரீட்கா. முதல் நட்சத்திரம் தெரிந்ததும் மேஜையைச் சுற்றி நின்றோம். வெள்ளை அப்பத்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் உடைத்துத் தின்ன வேண்டும், வாழ்த்த வேண்டும், வருடத்துக் குறைகளுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். நாங்கள் இருவரும் வழக்கமாக, "உன் காலை மிதிச்சதுக்கு", "நீ குறட்டை விட்டதுக்கு" என்று விளையாட்டாகச் சொல்லிக்கொள்வோம்.

மாமா என் முன்னால் வந்து நின்றார். என் கையில் இருந்த அப்பத்தில் ஒரு துணுக்கை உடைத்தார்.

"ருஃபின், என்னை மன்னிச்சுருடா. எவ்வளவு அருமையான சுவர் செஞ்சு வச்சே. இத்தனை நாளு தெரியாம நான் ஆவியை விட்டு அதைக் கெடுத்துட்டேன். உனக்குக் கெட்ட பேரு வந்துரக் கூடாது."

என் முறை. நான் சொல்ல வேண்டும். வாயில் அப்பம் இருந்தது. காகிதம்போல் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதையும் சொல்லையும் சேர்த்து விழுங்கிவிட்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா," என்றேன்.

ஒண்ணுமில்லையா! அவரை நான் மன்னித்துவிட்டேன். அதுதான் நடந்தது. பீட்ரூட் சூப்பை அவர் இரண்டு கிண்ணம் குடித்தார், மூன்று வாரத்தில் சூடாக எதுவும் சாப்பிடாதவர் மாதிரி. மாதிரி என்ன, சாப்பிடவில்லைதான்.

ஜனவரி 9
மனு சுற்றுக்கு வந்தது. எட்டு வீட்டில் ஆறு கையெழுத்து. என்னுடையதும் மாமாவுடையதும் மட்டும் இல்லை. ஊருக்கு முன்னால் நல்லவன் நான்.

ஜனவரி 24, வெள்ளி
மைனஸ் 14.

சுவர் வெடிப்பது வீட்டுக்குள் கேட்கிறது. டிக். அப்புறம் ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. டிக். ஒவ்வொன்றும் ஒரு கல். மனுசன் இதை உட்காந்து எண்ணிக்கிட்டு இருக்க முடியுமா? எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்.

ஜனவரி 26, ஞாயிறு
மைனஸ் 15.

மதியம் ஃப்ரீட்கா ஒரு கிண்ணம் கோழி சூப் எடுத்துக்கொண்டு கீழே போனாள். நெடுநேரம் வரவில்லை. வந்தபோது கிண்ணம் காலி, முகம் சரியில்லை.

"ரூமுக்குள்ள விடல. சூப்புல ஆவி வருதாம். படிக்கட்டுல உக்காந்து குடிச்சாரு. கோட்டு, குல்லா, கையுறை எல்லாம் போட்டுக்கிட்டு. நான் பக்கத்துல நின்னேன். குடிக்கிறப்ப இருமுறாரு, இருமிட்டு வாயைப் பொத்திக்கிறாரு. எதுக்கு மாமான்னேன். மூச்சும் ஈரம்தானேம்மாங்கறாரு."

நான் கிண்ணத்தை வாங்கிக் கழுவினேன்.

"வாயைத் தச்சுக்கோன்னு சொன்னது நான்தான். அந்தப் பாவத்துல எனக்கும் பாதி. ஆனா செவ்வாக்கிழமை கூட்டத்துல நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"வேலை போயிரும் ஃப்ரீட்கா."

"போகட்டும். அந்தாளு செத்துட்டா அந்த நாலு கட்டடத்துல ஏறி நின்னு என்ன பூசுவே?"

ஜனவரி 28, செவ்வாய்
மைனஸ் 11.

சொல்லிவிட்டேன்.

கோட்டுப் பையில் இருந்த சில்லை மேஜையில் கேக் தட்டுப் பக்கத்தில் வைத்தேன். சிமெண்ட், பூச்சு, உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர், எல்லாம். நவம்பர் பதினான்காம் தேதியிலிருந்தே தெரியும் என்றும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். விட முடியவில்லை.

க்ளோட்டில்டா அக்கா: "அப்போ கையெழுத்துப் போட்ட நாங்க ஆறு பேரும் யாரு? கொலைகாரங்களா? நவம்பர்லயே சொல்லியிருக்க வேண்டியதுதானே? இல்லாட்டி சொல்லாமலே இருந்திருக்கணும்!"

நியாயம்தான், இரண்டும்.

மாமா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அந்தச் சில்லை எடுத்துப் பார்த்தார், முன்பக்கம், பின்பக்கம். வைத்தார்.

"அன்னைக்கு அப்பத்தை முழுங்கினேல்ல," என்றார். அவ்வளவுதான். தொப்பியை மாட்டிக்கொண்டு, படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார்.

லேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை.

பிப்ரவரி 6
நான்கு கட்டடமும் போயிற்று. கடிதம் இரண்டே வரி. மனுவையும் வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

பிப்ரவரி 13
மைனஸ் 3. சுண்ணாம்பு ஊறுகிறது. நான் காத்திருக்கிறேன். ஒழுகிய மழைநீர்க் குழாயை மாற்றினேன், சுவரடி மண்ணைத் தோண்டித் தாழ்த்தினேன். மாமா கெட்டிலோடு பக்கத்தில் நடந்து போனார். என் பக்கம் திரும்பவில்லை. எங்கேடா போறாரு கெட்டிலோட? அதான் சொல்லியாச்சே!

மார்ச் 17, திங்கள்
5 டிகிரி. வெயில்.

சாரம் கட்டிச் சிமெண்டைப் பெயர்க்க ஆரம்பித்தேன். மெஷின் வைத்தால் கல்லின் விளிம்பு சிதையும். உளி, சுத்தி. ஒரு நாளைக்கு ஒரு சதுர மீட்டர் போனால் அதிகம். நான்கு வருடத்துக்கு முன்னால் எவ்வளவு கெட்டியாக அடைத்திருக்கிறேன், பாவி! என்னையே மெச்சிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பூச்சை உரித்த இடமெல்லாம் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாகக் கிடக்கிறது. துடைத்தால் மறுநாள் மறுபடி. கூலி கிடையாது. நானும் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் கீழே நின்று, "நல்லா மினுங்கிட்டு இருந்த சுவத்தைக் குஷ்டரோகியா ஆக்கிட்டியே," என்றார். இறங்கிப் போய் அறைந்திருப்பேன். ஃப்ரீட்கா ஜன்னலிலிருந்து, "ஆமாங்க, இப்பத்தான் அதுக்கு வேர்க்குது," என்று சொல்லிவிட்டாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்
12 டிகிரி.

முகம் போன கல் முந்நூற்றுப் பதினேழு. இடித்துப்போட்ட பழைய குதிரை லாயத்திலிருந்து அதே வயதுக் கல் கொண்டுவந்து மாற்றுகிறேன். சுண்ணாம்புச் சாந்து மெத்தென்று இருக்கிறது. வெயிலில் சட்டென்று காயாமல் ஈரச்சாக்கைத் தொங்கவிடுகிறேன்.

சாரத்தில் நிற்கும்போது மாமாவின் ஜன்னல் என் முழங்கால் உயரத்தில். நாளெல்லாம் திறந்திருக்கிறது. உள்ளே அவர் அசைவது கேட்கிறது. நான் வேலை செய்வது அவருக்கும் கேட்கும். இத்தனை நாளில் ஒரு வார்த்தை இல்லை. நகராட்சியே எழுதிக் கொடுத்துவிட்டது, வசிப்பவர் மீது குற்றமில்லை என்று. ஆனாலும் காலை ஆறரைக்குக் கெட்டிலோடு சலவைக் கொட்டகைக்குப் போகிறார். குளிரில் நடுங்கிக்கொண்டு திரும்புகிறார். என்னைத் தண்டிக்கத்தான் செய்கிறார் என்று நினைத்தேன். நினைத்துக் கோபப்பட்டேன்கூட.

மே 13, செவ்வாய்
3 டிகிரி. மே நடுவில் குளிரைத் திருப்பிக் கூட்டிவரும் புனிதர்கள் மூன்று பேரும் வழக்கம்போல் வந்துவிட்டார்கள். செடி நட்டவர்கள் எல்லாம் முனகுகிறார்கள். புதுச் சாந்துக்குச் சாக்கை இரண்டு மடிப்பாகப் போட்டேன்.

வெளிப்பக்கம் ஈரமானியின் முள் இறங்கிவிட்டது. உட்பக்கமும் அளக்க வேண்டும். கதவைத் தட்டினேன். மாமா திறந்து, ஒதுங்கி நின்றார். ஜனவரிக்கு அப்புறம் இன்றைக்குத்தான் உள்ளே போகிறேன். அலமாரியை நகர்த்தி ஐந்து இடத்தில் ஊசியைக் குத்தினேன். கறுப்பு திட்டுத்திட்டாக உதிர்கிறது. ஐந்திலும் உலர்ந்திருக்கிறது.

"காஞ்சுருச்சு மாமா. இங்கயே சமைக்கலாம்."

"தெரியும். கடுதாசி வந்துச்சு."

"அப்புறம் ஏன் கெட்டிலைத் தூக்கிக்கிட்டு அலையறீங்க?"

அடுப்பைப் பார்த்தார். அதன் மேல் பழைய செய்தித்தாள் விரித்து வைத்திருந்தது.

"கை வரலடா," என்றார்.

என்னைத் தண்டிப்பதற்கில்லை. நான் அவருடைய யோசனையிலேயே இல்லை.

செய்தித்தாளை எடுத்துவிட்டு, குண்டானில் தண்ணீர் பிடித்து, நான்கு உருளைக்கிழங்கைப் போட்டு நானே பற்றவைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கட்டில் ஓரத்தில். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொதித்து மூடி ஆட ஆரம்பித்ததும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

"திறக்க வேணாம் மாமா. அது உங்களால இல்ல. என்னால."

"சரிடா," என்றார். சாத்தவில்லை.

கிழங்கு வேகும்வரை இருவரும் கோட்டோடு உட்கார்ந்திருந்தோம்.